பொலிரோவா, தோஸ்த்தா? முதலில் உங்கள் சுமையை எடை போடுங்கள்

தக்காளியில் இலைச்சுருட்டு நோய்க்கு என்ன செய்வது என்று கேட்கத்தான் அந்த விவசாயி அழைத்திருந்தார். வெள்ளை ஈ, மஞ்சள் ஒட்டும் அட்டை, நோய் தாக்கிய செடியைப் பிடுங்கி அழிப்பது என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, "இன்னொரு விஷயம் சார்" என்று இழுத்தார். "பிக்கப் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். பொலிரோ எடுக்கறதா, தோஸ்த் எடுக்கறதா?"

நான் உழவியல் படித்தவன். வண்டி மெக்கானிக் அல்ல. ஆனாலும் உர அளவுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இப்போது இதுதான். காய்கறி விளையும் ஊர்களில் டீக்கடைக்குப் போனால் பொலிரோ கட்சி ஒரு பெஞ்சிலும் தோஸ்த் கட்சி எதிர் பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் இழுவையைச் சொல்வார், மற்றவர் மைலேஜைச் சொல்வார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு.

நான் அவரிடம் திருப்பி இரண்டு கேள்விகள் கேட்டேன். ஒரு பறிப்புக்கு எத்தனை கிலோ ஏற்றுவீர்கள்? வருடத்துக்கு எத்தனை நடை மார்க்கெட்டுக்குப் போகிறீர்கள்? முதல் கேள்விக்கு, "நூறு பெட்டி வரும் சார்" என்றார். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை. ஏறக்குறைய பத்து லட்ச ரூபாய் செலவாகும் ஒரு முடிவு, இந்த இரண்டு எண்களும் தெரியாமலேயே எடுக்கப்பட இருந்தது. இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

பெரிய நாளும் சாதாரண நாளும்

அவர் சொன்ன நூறு பெட்டிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒட்டன்சத்திரம் பக்கம் பெட்டிக்கு 14 கிலோ. நூறு பெட்டி என்றால் 1,400 கிலோ. ஒரு ஏக்கர் தக்காளியில் சுமார் 18 பறிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பெட்டி இறங்குவது நடுவில் வரும் நான்கைந்து பறிப்புகளில் மட்டும்தான். முதல் பறிப்புகளும் கடைசிப் பறிப்புகளும் 30, 40 பெட்டியோடு நின்றுவிடும். அதாவது ஐந்து நாள் 1,400 கிலோ, பதின்மூன்று நாள் 500, 600 கிலோ.

ஆனால் எந்த விவசாயியிடம் கேட்டாலும் அந்த ஐந்து நாளைத்தான் சொல்வார். அந்த நாட்களில்தானே வண்டி கிடைக்காமல் அலைந்தோம், பறித்த பழம் கொட்டகையில் கிடந்தது, டிரைவர் போனை எடுக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் பாதி வண்டிகள் புக் செய்யப்படுகின்றன. வருடத்தின் பெரிய நாளுக்காக வண்டி வாங்கிவிட்டு, மீதி நாளெல்லாம் கால்வாசிச் சுமையோடு ஓட்டுவது வீண் செலவு மட்டுமல்ல, சரக்குக்கும் கெடுதல். எப்படி என்று சொல்கிறேன்.

ஒன்றரை டன், ஒன்றே முக்கால் டன் சுமக்கும் வண்டியின் பின்பக்கக் கமான் பட்டைகள் அந்த எடைக்கு ஏற்பக் கடினமாக அமைக்கப்பட்டவை. அதில் 500 கிலோ மட்டும் ஏற்றினால் பட்டைகள் வளைந்து கொடுக்காது. சாலையில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் அப்படியே பெட்டிக்குப் போய்ச் சேரும். அதிலும் அடுக்கின் மேல் வரிசைப் பெட்டிகளும், பின் கதவை ஒட்டிய பெட்டிகளும்தான் அதிகம் குலுங்கும். அடியில் இருக்கும் பழம் நசுங்குவது கண்ணுக்குத் தெரியும். மேல் வரிசையில் பழத்தோடு பழம் உரசித் தோல் வழன்று போவது அன்று தெரியாது, மறுநாள் கடைக்காரரிடம் தெரியும். அடுத்த முறை உங்கள் சரக்குக்கு அவர் விலையைக் குறைத்துக் கேட்பார், காரணம் சொல்ல மாட்டார். தக்காளி, கத்தரி, பப்பாளி, கொய்யா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குறைந்த சுமையோடு போகும்போது பெட்டிகளைக் கேபினை ஒட்டி முன்பக்கமாக அடுக்குங்கள். வண்டியின் கையேட்டில் சுமை குறைவாக உள்ளபோது வைக்கவேண்டிய காற்றழுத்தம் தனியாகக் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

உங்கள் சாதாரண நாள் 600 கிலோ என்றால், உண்மையில் உங்களுக்கு இந்த இரண்டு வண்டிகளுமே தேவையில்லை. 2005-ல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து நாம் குட்டியானை என்று அழைக்கிறோமே, அந்த முக்கால் டன் வகை போதும். பெரிய நாட்களில் இரண்டு நடை அடிக்கலாம், அல்லது அந்த ஐந்து நாளைக்கு மட்டும் வாடகை வண்டி வைத்துக்கொள்ளலாம். குட்டியானை வாங்கினால் ஊரில் மதிப்புக் குறைவு என்று ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார். மதிப்புக்கு வட்டி கட்ட நமக்கு வசதி இருந்தால் சரி.

நெல் விவசாயிகளுக்கு இதில் ஒரு பத்தி போதும். நேரடி கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ மூட்டையாகக் கொண்டுபோகிறோம். ஒன்றரை டன் வண்டியில் 37 மூட்டைதான் ஏறும். ஒரு ஏக்கர் நெல்லுக்கே இரண்டு நடை. வருடத்தில் இரண்டு போகத்துக்கு, நாலைந்து நாள் வேலைக்குப் பிக்கப் வேண்டியதே இல்லை. டிராக்டரும் டிரெய்லரும் இருப்பவர் அதிலேயே முடித்துவிடலாம்.

நடைக் கணக்கு

இப்போது இரண்டாவது கேள்வி. எண்கள் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 8 லட்ச ரூபாய் கடன், 5 வருடம், 10.5 சதவீத வட்டி என்று எடுத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 17,200 ரூபாய். வருடத்துக்கு 2 லட்சத்து 6 ஆயிரம். இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி., சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 60 ஆயிரம் வையுங்கள். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் 2 லட்சத்து 66 ஆயிரம் ரூபாய் உங்கள் பையிலிருந்து போகும். முன்பணத்தை இதில் நான் சேர்க்கவில்லை. ஐந்து வருடம் கழித்து வண்டியை விற்றால் வரும் பணத்தையும் சேர்க்கவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஓரளவு சரியாகிவிடும். டிரைவர் சம்பளமும் இல்லை, நீங்களே ஓட்டுவதாகத்தான் கணக்கு.

மார்க்கெட் 40 கிலோமீட்டர் தூரம். வாடகை வண்டிக்கு ஒரு நடைக்கு 1,800 ரூபாய் கொடுக்கிறீர்கள் என்று கொள்வோம். சொந்த வண்டியில் போய் வந்தால் டீசலும் சில்லறைச் செலவும் 550 ரூபாய். ஒரு நடைக்கு மிச்சம் 1,250. அப்படியானால் 2 லட்சத்து 66 ஆயிரத்தை ஈடுகட்ட வருடத்துக்குக் கிட்டத்தட்ட 213 நடை போகவேண்டும்.

என்னை அழைத்த விவசாயி இரண்டு போகம் தக்காளியும் இடையில் கொஞ்சம் மிளகாயும் கத்தரியும் வைப்பவர். விரல்விட்டு எண்ணிச் சொல்லச் சொன்னேன். 64 நடை வந்தது. மீதி 150 நடைக்கு யார் சரக்கை ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். "பக்கத்துத் தோட்டத்துக்காரங்க கூப்பிடுவாங்க" என்றார். கூப்பிடுவார்கள்தான். ஆனால் அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே பட்டம், ஒரே பயிர், ஒரே நாளில் பறிப்பு. உங்கள் வண்டி உங்களுக்குத் தேவைப்படும் அதே காலை நேரத்தில்தான் அவர்களுக்கும் தேவைப்படும். பங்குனியில் வண்டி சும்மா நிற்கும்போது அவர்களிடமும் சரக்கு இருக்காது. வாடகைக்கு ஓட்டிக் கடனை அடைக்கலாம் என்ற கணக்கு பெரும்பாலும் இங்கேதான் இடறுகிறது.

பூ, கீரை, வாழையிலை போல வருடம் முழுவதும் தினசரி அறுவடை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். அவர்களுக்கு 213 நடை ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அவர்களின் சுமை மிகக் குறைவு. நூறு கிலோ மல்லிகைக்கு ஒன்றரை டன் பிக்கப் எதற்கு?

மைலேஜைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டரும் இன்னொன்று 16-ம் தருகிறது என்று வையுங்கள். டீசல் 92 ரூபாய். வருடத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டும் வாடகை டிரைவருக்கு இந்த இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம் 16,400 ரூபாய். அவருக்கு மைலேஜ் உயிர். 6,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் விவசாயிக்கு அதே வித்தியாசம் 4,900 ரூபாய், மாதம் 400 ரூபாய். மைலேஜை மட்டும் வைத்து முடிவு செய்பவர்கள், டிரைவர்களின் வாதத்தைக் கடன் வாங்கித் தங்கள் வண்டியை வாங்குகிறார்கள்.

எவ்வளவு தாங்கும்?

"கம்பெனிக்காரன் ஒன்றரை டன்னுன்னுதான் சொல்லுவான், வண்டி மூணு டன் தாங்கும்." இதைக் கேட்காத ஊரே இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு வயல் ஆய்வின்போது, மார்க்கெட்டுக்குப் புறப்பட்ட ஒரு வாடகைப் பிக்கப்பை வழியில் இருந்த எடை மேடையில் ஏற்றிப் பார்த்தோம். ஒன்றரை டன் அனுமதி உள்ள வண்டி. சுமை மட்டும் 2,340 கிலோ. ஓட்டியவருக்கே அது செய்தி. தினமும் இப்படித்தான் போகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்றார்.

ஆகவில்லைதான். வண்டியின் சொந்த எடையை 1,400 கிலோ என்று கொண்டால், முழுச் சுமையில் அது 2,900 கிலோவாக இருக்கவேண்டும். அன்று இருந்தது 3,740 கிலோ. பிரேக்கை மிதித்தால் நிறுத்தவேண்டிய விசை 29 சதவீதம் அதிகம், பிரேக் மட்டும் அதே பிரேக். பட்டறையில் கூடுதலாக இரண்டு கமான் பட்டை போட்டுக்கொண்டால் வண்டி கீழே அமுங்காது, அவ்வளவுதான். அச்சும் பிரேக்கும் டயரும் அந்தப் பட்டையால் பலமாகிவிடாது. வாரண்டியும் சிக்கலாகும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவின்படி அதிக சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், சுமையை இறக்கும் செலவும் நம் தலையில். 1,250 ரூபாய் மிச்சம் பிடிக்கும் நடை ஒன்றுக்காக இந்த ஆபத்தைத் தலையில் போட்டுக்கொள்வது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

இடம் இருக்கிறதே என்பதால்தான் பெரும்பாலும் அதிகம் ஏற்றுகிறோம். 54 சென்டிமீட்டர் நீளம், 36 சென்டிமீட்டர் அகலம் உள்ள பிளாஸ்டிக் கிரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 8 அடி நீளம், ஐந்தரை அடி அகலம் உள்ள தளத்தில் ஒரு வரிசைக்கு 18 கிரேட் உட்காரும். நான்கு அடுக்கு என்றால் 72. கிரேட்டுக்குப் பழம் 22 கிலோ, காலி கிரேட் 2 கிலோ என்றால் 1,728 கிலோ. ஒன்றரை டன் வண்டியில் ஏற்றக்கூடியது 62 கிரேட்தான். நான்காவது அடுக்கில் பத்துக் கிரேட் குறைக்கவேண்டும். நீளம் 9 அடியானால் ஒரு வரிசைக்கு 21 கிரேட் வரும். ஆகவே ஷோரூமுக்குப் போகும்போது டேப் ஒன்றும் உங்கள் பெட்டி ஒன்றும் கொண்டுபோங்கள். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். வைக்கோல், பருத்தி, கோரைப்புல் போல எடை குறைந்து இடம் அதிகம் அடைக்கும் சரக்கு உள்ளவர்களுக்கு டன் கணக்கைவிடத் தளத்தின் நீளம்தான் முக்கியம்.

இனி வண்டிக்கு வருவோம்

இதுவரை சொன்னதையெல்லாம் கணக்குப் போட்டு, ஆமாம், எனக்கு ஒன்றரை டன் பிக்கப் வேண்டும், 200 நடைக்கு வேலை இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தவர்களுக்குத்தான் பொலிரோவா தோஸ்த்தா என்ற கேள்வி.

தோஸ்த், அசோக் லேலண்டு நிறுவனம் நிசானோடு சேர்ந்து 2011-ல் ஓசூரிலிருந்து கொண்டுவந்த வண்டி. கூட்டு பின்னர் முடிந்து இப்போது அசோக் லேலண்டு மட்டும். ஒன்றே கால் டன், ஒன்றரை டன் வகைகள் உண்டு. 2020-ல் அதைவிடப் பெரிய படா தோஸ்த் வந்தது. தோஸ்த்தின் எஞ்சின் ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர். மஹிந்திராவின் பொலிரோ பிக்கப் இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின். 1.3 டன்னில் தொடங்கி 1.7 டன் வரையும், மேக்ஸ் வரிசையில் 2 டன் வரையும் கிடைக்கிறது. ஒரே பெயரில் இத்தனை வகை இருப்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவம் உங்கள் மாடலுக்குப் பொருந்தாமல் போகலாம். அவருடையது எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

என் கருத்து இது. வெங்காயம், மரவள்ளி, வாழைத்தார், தேங்காய் போன்ற கனமான சரக்கு, மேடேறும் பாதை, மழையில் சேறாகும் வண்டித்தடம் என்றால் பெரிய எஞ்சின் உள்ள பொலிரோ பக்கம் சாய்வேன். நீலகிரி, கொடைக்கானல் மலைத்தோட்டங்களுக்கும் அதுவே. பொலிரோ வரிசையில் நான்கு சக்கரமும் இழுக்கும் மாடலும் உண்டு, மலைக்காட்டுப் பாதைக்காரர்கள் விசாரித்துப் பார்க்கலாம். சமதரைத் தார்ச்சாலை, தினசரி காய்கறி, மார்க்கெட்டின் சந்துகளில் திருப்பவேண்டிய நெரிசல் என்றால் தோஸ்த் போதும். அங்கே பெரிய எஞ்சினுக்கு வேலையில்லை. கரிசல் நிலத்துக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாதாரண மாடலில் இரண்டு வண்டியும் பின்சக்கரத்தால் உந்தப்படுபவை. காலி வண்டியாக இருந்தால் பின்னால் கனம் இல்லாமல் ஈரக் கரிசலில் இரண்டுமே ஒரே மாதிரி சுற்றிக்கொண்டு நிற்கும். அதற்கு வண்டியை மாற்றுவதைவிடத் தடத்தில் நாலு டிராக்டர் கிராவல் கொட்டுவது மலிவு.

ஆனால் இந்த வித்தியாசங்களைவிட நான் பெரிதாக மதிப்பது சர்வீஸ் தூரத்தை. உங்கள் ஊரிலிருந்து 25, 30 கிலோமீட்டருக்குள் எந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதோ, உங்கள் ஊர் மெக்கானிக் எந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பாரோ, அந்த வண்டி உங்களுக்கு நல்ல வண்டி. பறிப்புப் பருவத்தில் மூன்று நாள் வண்டி நின்றால், மைலேஜில் வருடம் முழுக்கச் சேர்த்தது போய்விடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் பழைய வண்டிகளைப் போல எல்லாவற்றையும் பட்டறையிலேயே பார்த்துவிட முடியாது. புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள வண்டிகள், கொஞ்ச தூரம் சீரான வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரியை எரித்துத் தம்மைச் சுத்தம் செய்துகொள்ளும். தோட்டத்துக்கும் ஊருக்கும் இடையே நாலு கிலோமீட்டர் மட்டும் தினமும் உருட்டினால் அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்பதை வண்டி எடுக்கும் அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது ஆர்.சி.யில் வரும் மொத்த எடையையும் பாருங்கள். வண்டியும் சுமையும் சேர்த்து 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வாகனத்துக்குப் பர்மிட் தேவையில்லை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு. இரண்டு நிறுவனங்களிடமும் இந்தக் கோட்டுக்குக் கீழும் மேலும் மாடல்கள் இருக்கின்றன. இருநூறு கிலோ கூடுதல் சுமைக்கு ஆசைப்பட்டுப் பர்மிட் அலைச்சலையும் சேர்த்து வாங்கவேண்டுமா என்று யோசியுங்கள். லைசென்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வாகனத்தை இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது.

விலையைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன் யாரோ வாங்கிய விலையைக் காட்டி உங்களிடம் பேரம் முடிக்கவிடாதீர்கள். பழைய வண்டி வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். புது வண்டியின் விலை குறைந்தால் பழைய வண்டியின் விலையும் குறைந்தாகவேண்டும்.

ஆட்களை ஏற்றாதீர்கள்

இதைக் கடைசியில் வைத்திருந்தாலும், என் மனதில் முதலில் இருப்பது இதுதான். பிக்கப் வாங்கும் விவசாயிகளில் பலர், "சரக்கும் ஏத்தலாம், நடவுக்கு ஆளும் கூட்டியாரலாம்" என்று இரண்டு பயனையும் சேர்த்தே கணக்குப் போடுகிறார்கள். காலை ஆறு மணிக்குக் கிராமச் சாலையில் நின்று பாருங்கள். தூக்குவாளியோடு இருபது பெண்கள் பின்தளத்தில் நின்றுகொண்டு போகிறார்கள். திருப்பத்தில் ஒருவர் மீது ஒருவர் சாய்கிறார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கயிறுதான்.

சுமை ஏற்றாத பின்தளம் எப்படிக் குலுங்கும் என்று மேலே தக்காளிக்குச் சொன்னேன். அதே தளம்தான் இது. நிற்கும் மனிதர்களின் கனம் உயரத்தில் இருப்பதால், வேகமாகத் திருப்பும்போது வண்டி கவிழும் வாய்ப்பும் மூட்டைகளைவிட அதிகம். சரக்கு வாகனத்தில் இப்படி ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய விஷயம் இன்சூரன்ஸ். சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கோடு போனால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. விபத்து நடந்தால் இழப்பீடு வண்டி உரிமையாளரின் தலையில் விழும். நிலத்தை விற்றாலும் போதாமல் போகலாம். போன உயிருக்கு அதுவும் ஈடல்ல. அந்தப் பெண்கள் நம் ஊர்க்காரர்கள், அக்கா, அத்தை என்று கூப்பிட்டுப் பழகியவர்கள்.

ஆள் கூட்டிவருவது உங்களுக்கு உண்மையிலேயே அன்றாடத் தேவை என்றால் அதற்கு வேன் அல்லது ஷேர் ஆட்டோ வாடகையைக் கூலியோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். நாலைந்து பேருக்குள் என்றால் பொலிரோ வரிசையில் கேம்பர் என்ற இரட்டைக் கேபின் வண்டி இருக்கிறது. உட்கார இருக்கை உண்டு, பின்னால் சுமையும் ஏற்றலாம், சுமை அளவு மட்டும் குறைவு. இரண்டு வேலையும் வேண்டும் என்பவருக்கு நேர்மையான தேர்வு அதுதான்.

வேளாண் உதவி அலுவலர்களுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் பணிபுரிபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சொட்டுநீர் மானியத்துக்கு ஆவணம் சேகரிக்கும்போது, அந்தத் தொகுப்பில் உள்ள விவசாயிகள் எந்த மாதத்தில் எத்தனை நடை மார்க்கெட்டுக்குப் போகிறார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வேறு வேறு பட்டத்தில், வேறு வேறு பயிர் வைப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு வண்டிக்கு வருடம் முழுவதும் வேலை கிடைக்கும். ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒரே வண்டி வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். டயர் மாற்றும் நாளில் அந்தக் கூட்டு உடையும். ஒருவர் வாங்கட்டும், மற்ற மூவரும் வருடத்துக்கு இத்தனை நடை, நடைக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கட்டும். பறிப்பு மோதும் நாளில் யாருக்கு முதல் நடை என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

அந்த விவசாயி போன வாரம் மறுபடி அழைத்தார். ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு நடைக்கும் தேதி, பெட்டி, எடை, வாடகை என்று எழுத ஆரம்பித்திருக்கிறாராம். பக்கத்தில் முருங்கை வைத்திருக்கும் இருவரிடமும் பேசியிருக்கிறார். அவர்களுடையதையும் சேர்த்தால் 140 நடை வருகிறதாம். சித்திரை வரை எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அதற்குள் ஷோரூமிலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டதாம்.